கடனும் கணக்கும்

ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்து, கைமாறிப்போன நிலத்தை உரியவரிடமே திருப்பித் தரப் பணிக்கிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். அந்நெறியை நினைவூட்டியே, ஏழை நாடுகளின் கடனைப் பெருமளவு குறைக்கவோ முற்றிலும் தள்ளவோ 2000ஆம் யூபிலி ஆண்டு தக்க தருணம் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1994இல் எழுதினார். 1996இல் உலக வங்கியும் பன்னாட்டு நிதி நிறுவனமும் கடன் குறைப்புத் திட்டமொன்றை வகுத்தன. 1998இல் அதன்வழிப் பயன்பெற்ற முதல் நாடு, கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா.

கடன் குறைந்ததால் மிஞ்சும் பணம் ஏழையின் வாசலை எட்டுமா? அந்நாட்டுக்கு இது வெறும் ஐயமன்று. 1996இல் அங்கே 250 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு ஒதுக்கிய மானியத்தில், 1991 முதல் 1995 வரை, நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே பள்ளிகளை அடைந்திருந்தது. எஞ்சியது மாவட்ட அலுவலகங்களிலேயே தங்கிவிட்டது. ஏழைகள் மிகுந்த ஊர்ப் பள்ளிகளுக்கோ இன்னும் குறைவாகவே கிடைத்தது. அப்படியொரு மானியம் உண்டு என்பதையே பெற்றோரில் பலர் அறிந்திருக்கவில்லை. அறியாத உரிமையை எவ்வாறு கேட்பது?

அதன்பின் அரசு எளியதொரு செயலைச் செய்தது. எந்த மாவட்டத்திற்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை நாளிதழ்களில் வெளியிட்டது. வந்த தொகையை ஒவ்வொரு பள்ளியும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்றும் பணித்தது. 1997இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட, ஏறத்தாழ 30 லட்சமாக இருந்த மாணவர் தொகை ஓராண்டிலேயே 50 லட்சத்தைத் தாண்டியது. கடன் குறைப்பால் மீந்த பணம், 1998இல் தொடங்கிய வறுமை ஒழிப்பு நிதியில் தனிக் கணக்காக வைக்கப்பட்டது. 2001இல் மானியத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேலான பங்கு பள்ளிகளைச் சென்றடைந்தது. இம்மாற்றத்திற்கு நாளிதழ் அறிவிப்பு மட்டுமே காரணமன்று; நிர்வாகச் சீர்திருத்தங்களும் துணைநின்றன. எனினும் நாளிதழ் எளிதில் கிடைத்த ஊர்களின் பள்ளிகளே கூடுதலாகப் பயனடைந்தன என்பதும் ஆய்வில் தெரியவந்தது.

லூக்கா நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்பவர் செல்வரான தலைவர். உகாண்டாவிலோ கணக்குக் கேட்கும் இடத்தில் ஏழைப் பெற்றோர் நின்றனர். உலகளாவிய உதவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொடுப்பவரின் தாராளத்தை நாம் அளக்கிறோம். பெறுபவருக்குக் கணக்குத் தெரியுமா என்று வினவுவதில்லை. ஏழைகளின் பெயரால் திரட்டப்படும் நிதி எதுவாயினும், அது நம் பங்கின் உண்டியலே ஆயினும், அதன் வரவும் செலவும் அந்த ஏழைகள் படிக்கக்கூடிய இடத்தில் எழுதப்பட வேண்டும். அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய நீதிக் கடன் அது.