டாக்காவும் நியூ ஜேர்சியும்

1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் ஏழு நாடுகளின் தலைவர்கள் கூடி 'சார்க்' அமைப்பைத் தொடக்கி வைத்தனர். ஜெயவர்த்தனாவும் இருந்தார், ராஜீவும் இருந்தார், ஸியாவுல் ஹக்கும் இருந்தார். ஏழு பேரும் ஆண்கள். இரு நாடுகளுக்கிடையிலான தகராறுகளை அங்கே பேசுவதில்லை என்று சாசனத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

அதே ஆண்டில், நியூ ஜேர்சியில், ஷமிதா தாஸ் தாஸ்குப்தாவும் வேறு சில பெண்களும் 'மானவி'யைத் தொடங்கினர். தென்னாசியப் பெண்கள் மீதான வன்முறைக்கெதிராக அமெரிக்காவில் எழுந்த முதல் அமைப்பு அது. எந்த அரசும் இவர்களை அனுப்பவில்லை.

ஏன் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், இலங்கையர் எல்லோருக்கும் பொதுவாக? ஆட்கள் குறைவு என்பது ஒரு காரணமாயிருக்கலாம். எனக்குப் படுவது வேறு. அடிவாங்கிய பெண் தன் ஊர்ச் சங்கத்திடம் போகமுடியாது. சங்கத்துக்காரர் கணவனின் சிநேகிதராயிருப்பார். 'பொறுத்துப் போ பிள்ளை' என்பார். குடும்ப மானத்தைக் காப்பதில் எம்மவருக்குள்ள ஒற்றுமை வேறெதிலும் இருந்ததில்லை. கராச்சிக்காரியிடமோ கல்கத்தாக்காரியிடமோ சொன்னால் கதை ஊருக்குப் போகாது.

பிறகு இது பரவியது. 1991இல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 'மைத்ரி'. அதைத் தொடங்கியவர்களுள் எழுத்தாளர் சித்ரா பானர்ஜி திவாகருணியும் ஒருவர். 1992இல் அதே பகுதியில் 'நாரிகா', டெக்சாஸின் ஆஸ்டினில் 'சஹேலி'. 1996இல் ஹூஸ்டனில் 'தயா'. 1997இல் மானவி 'ஆஷியானா' என்ற தங்குமிடத்தைத் திறந்தது. (பெயர்களைக் கவனியுங்கள். சஹேலி என்றால் தோழி என்பதை எங்கள் பெண்ணுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.)

இப்பெண்களைக் கட்டிப்போட்டது கணவனின் கை மட்டுமல்ல, விசாவும்தான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிதாக மணமுடித்து வந்தவளுக்கு முதல் இரண்டு வருடம் நிபந்தனையுடன்தான் வதிவிட உரிமை. நிபந்தனையை நீக்கக் கணவனும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். 1990இல் வன்முறைக்குள்ளானவர்களுக்கு விலக்கு வந்தது. 1994இன் பெண்கள் மீதான வன்முறைச் சட்டம் அவர்கள் தாமாகவே வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழிசெய்தது. ஆனால் அந்த வழி அமெரிக்கக் குடிமக்களின், நிரந்தர வதிவிடம் பெற்றோரின் மனைவியருக்குத்தான். எச்-1பி விசாவில் வந்த கணினிப் பொறியாளரின் மனைவிக்கு அது கிடையாது. அவளுக்கு எச்-4. அந்த விசாவில் இருப்போருள் ஒரு பகுதியினருக்காவது வேலை செய்யும் அனுமதி வந்தது 2015இல்தான். சென்னையில் பொறியியல் படித்தவள் சான் ஹோசேயில் பஸ்ஸுக்கும் கணவனிடம் காசு கேட்கவேண்டியிருந்தது.

டாக்காவில் பிறந்த அமைப்பும் சும்மா இருக்கவில்லை. 2002 ஜனவரியில் காத்மண்டுவில் பெண்களும் சிறுவரும் கடத்தப்படுவதற்கெதிரான உடன்படிக்கையில் ஏழு நாடுகளும் கையெழுத்திட்டன. அது பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்படுவோரை மட்டுமே கண்டது. வீட்டுவேலைக்கென்று ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டவள் அதில் இல்லை. 2014இல் மீண்டும் காத்மண்டுவில் கூடியதற்குப் பிறகு உச்சிமாநாடே நடக்கவில்லை.

அரசுகள் ஒன்றுசேர்ந்தால்தான் தீரக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. 'லீவுக்கு ஊருக்குப் போய்வருவோம்' என்று மனைவியைக் கூட்டிச்சென்று, கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு தனியே விமானமேறிவிடும் கணவர்கள் உள்ளனர். விவாகரத்து வழக்கு டல்லஸில் நடக்கும். பிள்ளை யாருக்கென்பதும் அங்கேயே தீர்மானிக்கப்படும். அவளோ விசா இல்லாமல் திருச்சியில், தகப்பன் வீட்டில், கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிப்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.