கல்மரங்களின் சாட்சி

புதுவையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில், திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் செம்மண் மேட்டில் பெருமரங்கள் வீழ்ந்து கிடக்கின்றன. வைரத்தின் கோடுகளும் கணுக்களும் கண்ணுக்குத் தெரிகின்றன, தொட்டால் கல். மக்கள் இவற்றைக் 'கல்மரம்' என்கின்றனர். இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்பது புவியியலார் கணிப்பு.

இம்மரங்களுக்கு வேரில்லை, கிளையில்லை, பட்டையுமில்லை. ஆகவே இவை இங்கு நின்று வளர்ந்தவையல்ல. பெருவெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று அறிஞர் முடிவு செய்தனர். ஆறு கொணர்ந்த மணலும் கூழாங்கற்களும் இவற்றை மூடின. அம்மணலே இறுகிக் 'கடலூர் மணற்பாறை' ஆயிற்று. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தினுள் ஊறி, அணு அணுவாக அதைக் கல்லாக்கியது.

பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னெரா 1781ஆம் ஆண்டில் இவற்றைப் பதிவு செய்தார். ஆயினும், மண் எவ்வாறு கல்லாகிறது என்னும் ஆராய்ச்சி அவரோடு தொடங்கியதன்று. ஜைஹூன் ஆற்றங்கரையில், மக்கள் தலை தேய்த்துக் குளிக்கும் களிமண்ணைத் தம் சிறுவயதில் கண்ட பேரறிஞர் இப்னு சீனா (980–1037), ஏறத்தாழ 23 ஆண்டுகளில் அது மென்கல்லாக மாறியிருந்ததைக் கவனித்தார். செடிகொடிகளும் உயிரினங்களும் கல்லாவதற்கான காரணத்தைத் தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வில் ஆராய்ந்தார். 1200ஆம் ஆண்டை ஒட்டி அப்பகுதி லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, ஐரோப்பியர் பலர் அதை அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே நம்பினர்! பெயர் மறைந்தது, அறிவு மறையவில்லை.

பூமியெங்கும் சென்று படைப்பின் தொடக்கத்தை நோக்குமாறு திருமறை (29:20) நம்மைப் பணிக்கிறது. அவ்வாறு நோக்குவதற்குரிய இடம் நம் வீட்டருகிலேயே இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பேணி வருகிறது. ஆயினும் வேலியும் காவலும் மட்டும் போதா. அழகுக்காக ஒரு துண்டைப் பெயர்த்து வந்து வீட்டில் வைத்தால், அது வெறும் கல்லே. அதைச் சுற்றிய மணலும் கூழாங்கல்லும் இருந்தாலன்றோ ஆற்றின் கதை விளங்கும்? சாட்சியை இடம்பெயர்த்தால் வழக்கே அழியும்.

குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள், தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெறுங்கையோடு திரும்புங்கள். இது நம்மிடம் விடப்பட்ட அமானிதம்.