வரி வரம்புக்குக் கீழே ஒரு சேமிப்பு: தாமிரபரணிக் கரைப் பீடித் தொழிலாளரும் ஓய்வூதியச் சலுகையும்

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெருக்க இந்திய அரசு நெடுங்காலமாக நம்பியிருக்கும் வழி வரிச்சலுகை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) முதலானவற்றில் போடும் பணத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை விலக்கு அளித்தது. 2015-16 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கென்று மேலும் 50,000 ரூபாய் சேர்ந்தது. தாமிரபரணி வட்டாரத்து முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் மாதந்தோறும் பி.எஃப். கட்டுகிறவர்கள்தாம். அவர்களுக்கு இச்சலுகையால் ஒரு பைசா வரவில்லை. வரி கட்டும் வருமானம் இருந்தால்தானே விலக்கு? இந்த உதவியை அரசின் இணைப் பங்களிப்பாக மாற்றி, தொழிலாளியின் கணக்கிலேயே நேரே சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பெண்களின் பி.எஃப். உரிமை எளிதில் வந்ததன்று. வைப்பு நிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கு 1977இல் நீட்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் தங்கள் ஊழியர்களே அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினர். பி.எம். பட்டேல் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுற்றிக் கொண்டுவரும் பீடியில் தரமில்லாததைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது; அந்த உரிமையே மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஆகும் என்றது தீர்ப்பு. பீடிக்கடையில் கழிவு பார்ப்பது தொழிலாளியின் கூலியைக் குறைக்கும் வழக்கம். அதையே அவளுடைய உரிமைக்குச் சான்றாக்கிய இத்தீர்ப்பு நம் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டியது.

உரிமை கிடைத்தது; தொகைதான் சிறிது. ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதக்கூலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீடித் தொழிலுக்குரிய 10 விழுக்காட்டின்படி அவள் 600 ரூபாய் கட்டுகிறாள். முதலாளியும் 600 ரூபாய் கட்டுகிறார். முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு, அதாவது 500 ரூபாய், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மத்திய அரசு தன் பங்காக 1.16 விழுக்காடு தருகிறது: மாதம் 70 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 835 ரூபாய். பழைய வரிமுறையில் 30 விழுக்காட்டுப் படியில் இருக்கும் ஓர் அதிகாரி 50,000 ரூபாயைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போட்டால், மேல்வரியும் சேர்த்து அவருக்கு மிஞ்சுவது 15,600 ரூபாய். சேமிப்பைத் தூண்டுவதற்கென்று அரசு விட்டுக்கொடுக்கும் பணம் இது. தேவை குறைந்தவருக்கே கூடுதலாகப் போகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். வரி தள்ளிப்போகிறதே தவிர நீங்கவில்லை என்பது ஒன்று. ஓய்வூதியமாக வரும் பகுதிக்கு இது பொருந்தும். 60 வயதில் மொத்தமாக எடுக்கும் 60 விழுக்காட்டுக்கோ வரியே இல்லை. புதிய வரிமுறையில் 80சி போன்றவை இல்லாததால் சிக்கல் தானே தீர்ந்துவருகிறது என்பது மற்றொன்று. அங்கும் முதலாளி செலுத்தும் தேசிய ஓய்வூதியப் பங்குக்குச் சம்பளத்தில் 14 விழுக்காடு வரை விலக்கு நீடிக்கிறது. பழைய விலக்குகள் சுருங்குவதால் மிச்சமாகும் வருவாய் எங்கே போக வேண்டும் என்பதையும் அல்லவா கேட்க வேண்டும்?

பிரிட்டனில் வருமானமே இல்லாத ஒருவர் தனியார் ஓய்வூதியக் கணக்கில் 2,880 பவுண்டு போட்டால், அரசு அதை 3,600 ஆக்கும் ஏற்பாடு உண்டு. வரி கட்டாதவரையும் அது விட்டுவிடவில்லை. டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு ராஜ் செட்டியும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். வரிச்சலுகை பெரும்பாலும் இருக்கும் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே செய்தது. தானாகப் பிடித்தமாகும் தொகைதான் மொத்தச் சேமிப்பை உயர்த்தியது. பீடிக்கூலியில் அந்தப் பிடித்தம் ஏற்கனவே நடக்கிறது என்பது நமக்குச் சாதகம்.

இணைப் பங்களிப்பு நம் நாட்டுக்கும் புதிதன்று. 2019இல் வந்த பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தொழிலாளி கட்டுவதற்கு ஈடாக அரசும் கட்டுகிறது. ஆனால் பி.எஃப். உறுப்பினருக்கு அதில் இடமில்லை. 40 வயதைக் கடந்தவர் அதிலும் சேர முடியாது, அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர முடியாது. சட்டப்படி பி.எஃப். கட்டும் பீடித் தொழிலாளி, கட்டுகிற காரணத்தாலேயே அரசின் ஈட்டுத்தொகையை இழக்கிறாள். அவளுக்கு எஞ்சுவது 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாய்க் குறைந்தபட்ச ஓய்வூதியம்.

இதற்கான பணத்தைப் பீடித் தொழிலிலேயே தேடலாம். 1976ஆம் ஆண்டு நலத் தீர்வைச் சட்டத்தின்கீழ் பீடித் தொழிலாளரின் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றுக்காகத் தனித் தீர்வை வசூலானது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது நீங்கிற்று. பீடி மீதான வரி மட்டும் தொடர்கிறது. அந்த வருவாயில் ஒரு பங்கைத் தொழிலாளி கட்டும் 10 விழுக்காட்டுக்கு ஈடாக ஒதுக்கினால், மேற்சொன்ன கணக்கில் மாதம் 600 ரூபாய் கூடும். அரசு சேர்க்கும் தொகையை மட்டும் 58 வயது வரை எடுக்க முடியாதபடி வைக்கலாம். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவள் தன் பங்கை எடுப்பதைத் தடுக்கக் கூடாது. அந்தத் தேவைகள் உண்மையானவை.

ஒரு நிபந்தனை இன்றியமையாதது. சுற்றிய பீடி முழுவதும் தொழிலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒருவர் புத்தகத்தில் இன்னொருவர் சுற்றுவதும், ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய சேவைக்காலம் புதிய கணக்கோடு சேராமல் போவதும் இருக்கும்வரை, ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுச் சேவை பலருக்குக் கைகூடாது. எனவே ஈட்டுத்தொகையை ஒப்பந்ததாரர் வழியாக அனுப்பாமல், தொழிலாளியின் பி.எஃப். பொதுக் கணக்கு எண்ணில் நேரே வரவு வைக்க வேண்டும். வரவானதும் அவள் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போக வேண்டும். தன் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் விடுபட்ட மாதத்தை அவளால் பீடிக்கடையில் கேட்க முடியும்.