மயிலும் மறையும்

யமுனைக்குக் கிழக்கே தில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய மயூர் விஹாரின் பெயருக்குள் நம் மயில் ஒன்று ஒளிந்திருப்பதைச் சொல்லன்பர்கள் கண்டிருப்பீர்கள். மயூரம் வடசொல், ஆனால் அதன் வேரே திராவிட மயில்தான் என்று பரோ போன்ற வடமொழி அறிஞர்கள் கருதியதுண்டு. அப்படியானால் தெற்கிலிருந்து போன பறவை, இடையே ஊகார நெடிலும் ஈற்றில் ரகரமும் பூண்டு மயூரமாகி, மறுபடி தெற்கே வந்து மயிலாடுதுறையை மாயூரம் ஆக்கி, மக்கள் நாவில் மாயவரமாகத் தேய்ந்து, 1982-இல் அரசு தலையிட்ட பின்னரே பழைய பெயரோடு கூடு திரும்பியிருக்கிறது. முதுகுன்றம் விருத்தாசலமானதும் மறைக்காடு வேதாரணியமானதும் இதே தடத்தில்தான். அத்தடத்திலேயே எதிர்முகமாக நடந்து, சுவாமி வேதாசலம் மறைமலையடிகளானார்.

ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயரைப் போர்த்தும் இதே வேலை, மயூர் விஹாரை அடுத்த நொய்டாவின் கணினி அலுவலகங்களில் அன்றாடம் நடக்கிறது. புதிய மென்பொருளைச் சோதிக்க மெய்யான தரவு போன்ற ஒன்று வேண்டும். வங்கி வாடிக்கையாளரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஆதாரையும் அப்படியே படியெடுத்துச் சோதனையாளர் கையில் கொடுப்பதோ கூடாது. ஆகவே படியெடுக்கும்போதே அவற்றை மாற்றிவிடுவார்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர் மாஸ்கிங். மாஸ்க் என்பதன் மூலம் அரபியின் மஸ்கரா, அதாவது கோமாளி, என்பார் ஒரு சாரார். தில்லித் தெருவில் விகடம் செய்பவனை இன்றும் அச்சொல்லால்தான் அழைக்கிறார்கள். 2025 நவம்பரில் வெளியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளும் நிறுவனங்கள் செய்யவேண்டிய காவல் முறைகளுள் மாஸ்கிங்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன.

நாம் இதைத் தரவு மறைப்பு என்கிறோம். மறை அழகிய சொல். ஞாயிறு மறைகிறது, முகில் மறைக்கிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே பகுதி. பெயராக நின்றால் அதுவே கமுக்கமும் ஆகிறது, வேதமும் ஆகிறது; தொல்காப்பியர் மந்திரத்தை மறைமொழி என்றே வரையறுத்தார். ஆனால் உற்றுக் கேளுங்கள்: மறைந்த ஞாயிறு மறுநாள் வரும், மறைமொழியின் பொருள் உரியவனுக்குத் திறக்கும். மறைத்தது அழிவதில்லை, திரும்பும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. சாவி கொண்டு திறக்கும் மறையாக்கத்துக்கு இச்சொல் மிகப் பொருத்தம். சோதனைத் தரவுக்கோ அவ்வழியே இருக்கக்கூடாது. வேதாரணியம் என்றதும் மறைக்காட்டை அகராதி காட்டிக்கொடுத்துவிடுகிறதே, அப்படிக் காட்டிக்கொடுக்கும் பட்டியல் எதுவும் சோதனையாளருக்கு எட்டும் இடத்தில் இருத்தல் ஆகாது.

எனக்கு உகந்த சொல் வேறு. அதன் வித்து அகத்திணையியலில் கிடக்கிறது. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பிய விதி. அதனால் குறிஞ்சிக்காரன் வெற்பன் ஆனான், மருதத்தான் ஊரன், நெய்தலான் சேர்ப்பன். நிலம் நின்றது, தொழிலும் பொழுதும் நின்றன; ஆள் மட்டும் கழன்றான். ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் வேண்டியது இவ்வளவே. இதனைச் சுட்டறுத்தல் எனலாம்.

சுட்டு பெயரில் மட்டும் இல்லை என்பதையும் நம் உரையாசிரியர்கள் அறிந்திருந்தார்கள். நெடுநல்வாடை முழுதும் அகப்பாட்டின் நடை. தலைவன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் பாசறையில் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்று சொல்லி நச்சினார்க்கினியர் அதனைப் புறத்தில் வைத்தார். ஒரு வேப்பந்தழை போதும்! அமெரிக்கக் குடிமக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த நாள், பால் என்னும் மூன்றே செய்திகளால் தனித்தறியலாம் என்று கணினி அறிஞர் லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணித்ததும் இதே வேம்புதான். வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டு 110091 என்ற அஞ்சல் எண்ணையும் பிறந்த தேதியையும் விட்டுவைத்தவர், பாண்டியனின் வேலைத் தழையோடு நிறுத்திவைத்தவரே ஆவார்.

பொய்த்தரவு மெய்யின் வடிவையும் விடக்கூடாது. ஆதாரின் பன்னிரண்டாம் இலக்கம் முன்னுள்ள பதினொன்றிலிருந்து கணிக்கப்படுவது. மனம்போன எண்ணை இட்டால் மென்பொருள் வாசலிலேயே தள்ளிவிடும். பான் எண்ணில் தனிநபருக்கு ஐந்தாம் எழுத்து குடும்பப்பெயரின் முதலெழுத்து. பெயரை மாற்றுபவர் அதையும் மாற்ற வேண்டும். ஓர் அட்டவணையில் வெற்பனான ஆள் அடுத்த அட்டவணையில் சேர்ப்பனாகிவிட்டால் கணக்கும் கடனும் இணையா. பெயரெல்லாவற்றையும் ஒரே சர்மாவாக்கிவிடுவதும் பிழை: குடும்பப்பெயர் இல்லாத, ஒற்றைத் தலையெழுத்தோடு வாழும் தில்லித் தமிழர் படிவக் கட்டத்தில் என்ன பாடுபடுகிறார் என்பது அந்தச் சோதனையில் தெரியவே வராது.

பொய்ப்பெயர்களுக்குப் பஞ்சமும் இல்லை. இயற்பெயர் தெரியாத புலவர்களுக்குக் குறுந்தொகையைத் தொகுத்தோர் அவரவர் பாட்டின் தொடரையே பெயராக்கினர்: அணிலாடு முன்றிலார், செம்புலப்பெயனீரார். சோதனைப் பட்டியலில் இவர்களைச் சேர்த்தால் உயிருள்ள எவர்மேலும் சுட்டு விழாது. பெயர்க்கட்டம் எத்தனை எழுத்தைத் தாங்கும் என்பதையும் செம்புலப்பெயனீரார் சோதித்துக் கொடுத்துவிடுவார்.