கம்ப்ளெயிண்ட்: மாரடித்து அழுத சொல்

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை: கம்ப்ளெயிண்ட். கரண்ட் போனா கம்ப்ளெயிண்ட் கொடுக்கிறோம். டாக்டரும் 'என்ன கம்ப்ளெயிண்ட்?'னுதான் ஆரம்பிக்கிறார்.

இந்தச் சொல் இங்கிலீஷுக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அதுக்கும் பின்னால லத்தீன் மொழியில 'பிளாங்கெரெ'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. அடிப்பது, துக்கத்தில் மார்பில் அடித்துக்கொள்வது என்று பொருள். நம்ம ஊர் எழவு வீட்டில் மாரடிக்கிறாங்களே, அதேதான். ஆபீஸ் பேப்பருக்குள்ள ஒரு ஒப்பாரி ஒளிஞ்சிருக்கு.

நாம சொல்ற பிராதும் அப்படித்தான். பாரசீகத்தில் 'ஃபர்யாத்' என்றால் அபயக் குரல். புகார், இந்தியின் 'புகார்', அதாவது கூப்பிடுவது. (பூம்புகாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க.) 'முறையோ' என்று அரசன் வாசலில் கூவியதிலிருந்து நம்ம முறையீடு. எங்கே பார்த்தாலும் முதலில் ஒரு குரல், பிறகுதான் காகிதம்.

பிரெஞ்சில் புகார் 'ப்ளேந்த்'. புகார் கொடுப்பதை அவங்க 'போர்த்தே ப்ளேந்த்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், புகாரைச் சுமந்துபோவது. புதுச்சேரிக் குடும்பம் ஒன்று அதை நிஜமாகவே கடல் தாண்டிச் சுமந்தது.

நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். இந்து. அந்தப் பதவி கிறிஸ்தவர் ஒருவருக்குத்தான் போகணும்னு சேசு சபைப் பாதிரிமார் வற்புறுத்திக்கொண்டே இருந்தார்கள். 1716இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, ராஜதுரோகம் என்று குற்றச்சாட்டு. கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, அபராதம், அதுக்கு மேல நாடுகடத்தல். தண்டித்ததும் எபேரின் ஆட்சிதான் என்பதால், உள்ளூரில் யாரிடம் போய் முறையிடுவது?

பிள்ளையின் மகன்கள் பிரான்சுக்கு மனு அனுப்பினார்கள். அங்கே சேன் மாலோ துறைமுக வணிகர்களும் அவர் பக்கம் நின்றார்கள். இரக்கத்தால் மட்டும்தான்னு நான் நினைக்கலை, நல்ல தரகர் இல்லாமல் அவங்க வியாபாரமும்தானே கெடும்! கடைசியில் தீர்ப்பு ரத்தானது. ஆனால் பிள்ளை 1717லேயே சிறையில் இறந்துவிட்டார்.

மூத்த மகன் குருவப்பர் கப்பலேறி பாரிஸ் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார், 'செவாலியே' பட்டமும் வாங்கினார். 1722இல் திரும்பி வந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார், கிறிஸ்தவராக. பாதிரிமார் கேட்டதும் அதைத்தானே? எனக்கு இந்தக் கதையிலேயே உறுத்துற இடம் இதுதான்.

குருவப்பர் 1724இல் காலமானார். நைனியப்பர் கூப்பிட்டு மதராசிலிருந்து குடும்பத்தோடு வந்த அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. மாமா ஜெயிலுக்குப் போனபோது பையனுக்கு ஏழு வயசு. 1736இல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார், தமிழில்.