வெற்றி பெற்ற நாட்டின் பங்கீட்டுப் புத்தகம்

1945 மே மாதத்தில் ஐரோப்பாவிலே யுத்தம் முடிவுற்றபோது இலண்டன் வீதிகளில் மக்கள் ஆடிப்பாடி மகிழ்ந்தனர். ஆயினும், அவ்வெற்றி பிரித்தானிய அடுப்பங்கரைகளை எட்டுவதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. போரின் வரலாற்றை உடன்படிக்கையுடன் முடித்துவிடுவது வழக்கம். சாதாரண மக்களின் இன்னல்களோ அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் கடன்-குத்தகை உதவி திடீரென நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுச் சொத்துக்களிற் கணிசமான பகுதியைப் போருக்காக விற்றுவிட்ட பிரித்தானியா, 375 கோடி டொலரை அமெரிக்காவிடமே கடனாகப் பெற்றது. போர்க்காலத்திற்கூடப் பங்கீடு செய்யப்படாத பாண், 1946 யூலையில் பங்கீட்டின்கீழ் வந்தது. உலகெங்கும் நிலவிய தானியத் தட்டுப்பாட்டுடன், யேர்மனியிலே பிரித்தானிய வலயத்து மக்களுக்கும் உணவளிக்க நேர்ந்தமை இதற்குக் காரணமாயிற்று. தோற்றவனின் பசியைத் தணிக்க வென்றவன் தன் பாணை அளந்து உண்டான்.

1947 சனவரி முதலாந் திகதி நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அம்மாத இறுதியிலேயே கடும்பனி பொழிந்து, நிலக்கரி ஏற்றிய புகையிரதங்கள் வழியிலே சிக்குண்டன. வீடுகளுக்குப் பகலிற் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிகமாக வேலையிழந்தனர். குண்டுவீச்சினால் வீடிழந்தோர் பலர், 1946 கோடையில், கைவிடப்பட்ட இராணுவ முகாம்களிற் குடியேறியிருந்தனர்.

இவ்வின்னல்களுக்கிடையே ஒரு சமநீதியும் நிலவிற்று. 1946 முதல் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசப் பால் வழங்கப்பட்டது. 1948 யூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. சிசு மரண வீதம் போருக்கு முந்திய நிலையிலும் குறைந்தது. செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே அளவு என்ற நம்பிக்கையே மக்களைப் பொறுமை காக்கச் செய்தது எனலாம். கறுப்புச் சந்தை வளர, அந்நம்பிக்கை தளர்ந்தது. எனினும், 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சியிழந்த தொழிற்கட்சி, வென்ற கட்சியிலும் கூடுதலான வாக்குகளைப் பெற்றமை சிந்தித்தற்குரியது. சமத்துவத்தை மக்கள் முற்றாக வெறுத்துவிடவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

இலங்கை, இந்தியத் தோட்டங்களிலிருந்து சென்ற தேயிலை 1952இலும், இனிப்புப் பண்டங்கள் 1953இலும், இறுதியாக இறைச்சி 1954 யூலையிலும் பங்கீட்டினின்றும் நீங்கின. அரச ஆவணங்களில் இக்காலம் கடனும் ஏற்றுமதியும் பற்றிய கணக்காகவே காணப்படுகின்றது. அக்கணக்கை நாள்தோறும் சமன்செய்தவள், கடைவாசலிற் கூடையுடன் வரிசையில் நின்ற இல்லத்தரசியே.