உங்க ஜீரோ எங்க இருக்கு? ஒரு ஃபிக்ஸ்சர் பிளேட்டின் 200 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு செகண்ட் ஹேண்ட் மில்லிங் மெஷின் வாங்கினோம். மேசை மேலேயே வைக்கலாம், அவ்வளவு சின்னது. முதல் வேலை இந்த பாட்காஸ்டுக்குத்தான். நாலு மைக், நாலு ஸ்டாண்டு. ஒவ்வொரு ஸ்டாண்டோட மூட்டுக்கும் ரெண்டு அலுமினியத் துண்டு. ஆக மொத்தம் எட்டு.

ஒவ்வொரு துண்டையும் வைஸ்ல பிடிச்சேன். ஒரு பக்கம் சீவினேன், திருப்பினேன், அடுத்த பக்கம் சீவினேன், துளை போட்டேன். ஸ்கேல்ல வெச்சுப் பார்த்தா எட்டும் ஒண்ணு போலத்தான் இருந்தது. ஜோடி சேர்த்தப்போ முதல் ஜோடியிலேயே போல்ட் உள்ளே போகல. அரத்தால ராவிப் போக வெச்சேன். அடுத்த ஜோடியும் அப்படித்தான். கடைசியில நாலு ஜோடியும் பொருந்துச்சு, ஆனா அதது அததோட மட்டும். மறந்துடக் கூடாதுன்னு மார்க்கர்ல 1, 2, 3, 4-ன்னு எழுதி வெச்சேன்.

நண்பனோட அப்பா டூல் ரூம்ல முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த நம்பரைப் பார்த்துச் சிரிச்சார். "தம்பி, உன் ஜீரோ எங்க இருக்கு?"ன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கப் போனேன். போய் நின்ன இடம், 200 வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவின் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில ஒரு திருகோ ஸ்பிரிங்கோ உடைஞ்சா, இன்னொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கைவினைஞர் அரம் பிடிச்சு ராவி ராவிப் பொருத்தினது. போர்க்களத்துல இது பெரிய தலைவலி. எந்த பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தணும்னு பிரான்சிலும் அமெரிக்காவிலும் ராணுவங்கள் ஆசைப்பட்டது அதனாலதான்.

ஸ்கூல் புத்தகத்துல இந்த இடத்துல எலி விட்னி பெயர் வரும். 1798-ல் அமெரிக்க அரசுக்கு 10,000 மஸ்கட் துப்பாக்கி செஞ்சு தர ஒப்பந்தம் போட்டார். இரண்டு வருஷம் சொச்சத்துல முடிக்க வேண்டியது, 1809-ல்தான் முடிஞ்சது. நடுவுல 1801-ல் வாஷிங்டன் போய், பெரிய மனுஷங்க முன்னால துப்பாக்கி லாக்குகளை மாத்தி மாத்திப் பொருத்திக் காட்டினார். சரியான டெமோ! ஆனா 20-ம் நூற்றாண்டுல ஆய்வாளர்கள் மிச்சம் இருக்கிற விட்னி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தாங்க. பாகங்கள் ஒண்ணுக்கு இன்னொண்ணு மாறல. சில பாகங்கள்ல எது எதோட சேரணும்னு அடையாளம் கூட கீறியிருந்தது.

படிச்சதும் என் மார்க்கர் நம்பர்தான் ஞாபகம் வந்தது. விட்னியும் நானும் ஒரே கட்சி.

டெமோவில் இல்லாம நிஜமாவே இதைச் செஞ்சு காட்டினவர் ஜான் ஹால். மெயின் மாநிலத்துப் போர்ட்லண்டுக்காரர், மரவேலையும் படகு கட்டுறதும் தெரிஞ்சவர். பின்பக்கமா குண்டு நிரப்புற ஒரு ரைபிளுக்கு 1811-ல் காப்புரிமை வாங்கினார். அதுலயும் ஒரு கூத்து. காப்புரிமை அலுவலகத்தின் தலைவரே, "இந்த யோசனை எனக்கும் முன்னாடியே வந்தது"ன்னு சொல்லி, தன் பெயரையும் அதுல சேர்த்துக்கிட்டார்.

1819-ல் 1,000 ரைபிளுக்கு ஹாலுக்கு ஒப்பந்தம் கிடைச்சது. இடம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, பொட்டோமக் ஆறும் ஷெனன்டோவா ஆறும் சேர்ற ஊர். தண்ணீர்ச் சக்கரத்துல ஓடுற மெஷின்கள். எந்த ரைபிளின் பாகமும் எந்த ரைபிளுக்கும் பொருந்தும்னு வாக்கு கொடுத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சார். அந்த ஆயிரத்தை முடிக்க ஐந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ரைபிளை விட, ரைபிளைச் செய்யுற மெஷினுக்கும் ஃபிக்ஸ்சருக்கும் அளவுமானிகளுக்கும்தான் நேரமும் பணமும் போச்சு. அரசு தரப்பில் முணுமுணுப்பு இருந்துகிட்டே இருந்தது.

இங்கதான் ஹால் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். ஃபிக்ஸ்சர்னா வேலைத்துண்டை மெஷின்ல அசையாம, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல உட்கார வைக்கிற அமைப்பு. ஒரு பாகத்துக்குப் பத்து வெட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல் வெட்டு விழுந்த முகத்தை ஆதாரமா வெச்சு இரண்டாவது வெட்டு, இரண்டாவதை வெச்சு மூணாவதுன்னு போனா, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பிழை சேரும். தடவைக்கு 0.05 மில்லிமீட்டர்னா பத்தாவது வெட்டுல அதிகபட்சம் 0.5 வரைக்கும் போயிடலாம். அதுக்குப் பதிலா பாகத்துல ஒரே ஒரு இடத்தை முடிவு பண்ணி, பத்து வெட்டுக்கும் அங்கிருந்தே உட்கார வெச்சா? எந்த ரெண்டு வெட்டை எடுத்தாலும் அதுங்களுக்கு நடுவுல பிழை 0.1-ஐத் தாண்டாது. கை அதே கைதான், மெஷினும் அதேதான். எங்கிருந்து அளக்கறோம்ங்கிறது மட்டும்தான் மாறுது.

புரோகிராம் எழுதறவங்களுக்கு இது நல்லாத் தெரிஞ்ச விஷயம். பைதான்ல 0.1-ஐ ஒவ்வொண்ணா பத்து தடவை கூட்டிப் பாருங்க, சரியா 1 வராது. சின்னப் பிழை ஒவ்வொரு படியிலும் ஒட்டிக்கிட்டே வரும். நான் ஆபீஸ்ல தினமும் பார்க்கிற அதே பிரச்னையைத்தான் வைஸ்ல துண்டைத் திருப்பித் திருப்பி நானே உண்டாக்கியிருக்கேன். ஒவ்வொரு திருப்பலுக்கும் எனக்கு ஒரு புது ஜீரோ!

1826 கடைசியில ஒரு குழு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வந்து சோதிச்சது. ரைபிள்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டிப் பார்த்தாங்க. பொருந்திச்சு. அதை விட எனக்கு ஆச்சரியம் 1834. கனெக்டிகட் மாநிலத்துல மிடில்டவுன் என்கிற ஊர்ல சிமியன் நார்த் என்பவர் அதே ஹால் ரைபிளை ஒப்பந்தத்துல செஞ்சுகிட்டிருந்தார். தன் அளவுமானிகளை ஹாலோட அளவுமானிகளுக்கு ஒத்துவரச் செஞ்சார். பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ரெண்டு பட்டறை. இங்க செஞ்ச பாகம் அங்க செஞ்ச துப்பாக்கிக்குப் பொருந்துச்சு. யாரும் அரம் எடுக்கல.

சரி, ஒரே இடத்துல உட்கார வைக்கணும்னா, உட்கார்ற பரப்பு தட்டையா இருக்கணுமே? தட்டைன்னு எப்படித் தெரியும்? இதுக்கு ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசிச்சார். ரெண்டு பிளேட்டை ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பார்த்து, மேடு தெரியுற இடத்தைச் சுரண்டினா ரெண்டும் கச்சிதமா ஒட்டும். ஆனா ஒண்ணு குழிஞ்சு, இன்னொண்ணு புடைச்சிருந்தாலும் அப்படித்தான் ஒட்டும். அதனால மூணாவது பிளேட் வேணும். மூணையும் மாத்தி மாத்தி ஜோடி சேர்த்து, எந்த ஜோடியும் ஒட்டுற வரைக்கும் சுரண்டினா, மூணும் தட்டையா இருந்தே ஆகணும். வேற வழியில்ல. தட்டையான பொருள் ஒண்ணுமே கையில இல்லாம தட்டையை உருவாக்குற வழி இது.

நம்ம மாடிக்கு வருவோம். அங்கிள் சொன்ன வைத்தியம் ஃபிக்ஸ்சர் பிளேட். கடையில ரெடிமேடா கிடைக்கும். நாங்க செஞ்சோம். 250-க்கு 100, 15 மில்லிமீட்டர் கனத்துல வார்ப்பு அலுமினிய பிளேட். சாதாரண உருட்டின பிளேட் வேண்டாம்னார். அதுக்குள்ள இழுவிசை அடைஞ்சிருக்கும், மேல சீவினதும் வளையும். கனமும் ரொம்ப வேண்டாம், சின்ன மெஷின்ல உயரம் ஏற்கனவே கம்மி.

டி-ஸ்லாட்ல போல்ட் போட்டு பிளேட்டை இறுக்கி, அந்த மெஷினாலேயே மேல்முகத்தைச் சீவினோம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மேசையில் கொஞ்சம் சாய்வு இருந்தாலும், கட்டர் போற பாதைக்கு இணையாத்தான் பிளேட் முகம் வரும். அதுக்கு முன்னால ஸ்பிண்டில் நேரா நிக்குதான்னு டயல் வெச்சுப் பார்த்தாகணும், இல்லைன்னா முகம் லேசா குழிஞ்சிடும். அப்புறம் ஒரு மூலையை ஜீரோன்னு வெச்சு, 25 மில்லிமீட்டருக்கு ஒண்ணா 27 துளை, எல்லாத்துலயும் எம்6 டேப். நடுநடுவுல 6 மில்லிமீட்டர் டவல் பின்னுக்கு ரீமர் போட்ட துளைகள். ஹேண்டிலை எப்பவும் ஒரே திசையில இருந்துதான் திருப்பி வரணும், திருகுல இருக்கிற லூஸ் அளவுல ஏறாம இருக்க.

எட்டுத் துண்டையும் மறுபடி செஞ்சேன். இந்தத் தடவை ஒவ்வொரு துண்டிலும் முதல் வேலையா ரெண்டு துளை. அதுக்கப்புறம் எல்லா வெட்டுக்கும் துண்டு அந்த ரெண்டு துளையால, பிளேட்டில் இருக்கிற ரெண்டு பின் மேல உட்காரும். ஒரு பின் உருண்டை. இன்னொண்ணு ரெண்டு பக்கமும் சீவினது, இல்லைன்னா துளைகளோட இடைவெளி ஒரு முடி மாறினாலும் துண்டு உட்காராது.

வேலை நடக்கும்போது ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருந்தது. ஹாலோட மெஷின்களைச் சிறுவர்களே ஓட்டினாங்க. வருஷக்கணக்கா அரம் பிடிச்சுப் பழகின கைக்கு அங்க என்ன மதிப்பு? அங்கிளும் முப்பது வருஷமா செஞ்சது அதைத்தானே, யாரு வேணும்னாலும் துண்டை மாட்டி வேலை பார்க்கிற மாதிரி ஃபிக்ஸ்சர் செய்யறது? வருத்தம் இல்லையான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "வேலை போனவன் இருக்கான் தம்பி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் ஃபிக்ஸ்சரை எதை வெச்சுச் செய்வே? கையாலதானே?"

ஹாலுக்குப் பெரிய பணமோ புகழோ வரல. 1840-ல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியை விட்டுக் கிளம்பினார், அடுத்த வருஷமே மிசௌரி மாநிலத்துல இறந்துட்டார். அவர் தொழிற்சாலை உள்நாட்டுப் போர்ல அழிஞ்சது. டெமோ காட்டின விட்னி பாடப் புத்தகத்துல இருக்கார். வேலையை முடிச்சுக் காட்டின ஹாலை, மெஷின் வரலாறு படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போ நீங்க கேக்குற இந்தக் குரல் வர்ற மைக், அந்தப் புது மூட்டு மேலதான் நிக்குது. எட்டுத் துண்டுல எதை எதோட சேர்த்தாலும் போல்ட் போகுது, நம்பர் எழுதத் தேவையில்ல. பழைய எட்டையும் தூக்கிப் போடல. மார்க்கர் எழுத்தோட மெஷின் பக்கத்துல ஒரு டப்பாவுல இருக்கு. புது வேலை எதை ஆரம்பிச்சாலும் முதல்ல அந்த டப்பாவைப் பார்க்கிறேன், அப்புறம்தான் ஜீரோ எங்கன்னு முடிவு பண்றேன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.